மறுகால் எங்கே, மாப்ளே?

கடம்பூர்க்காரன் சும்மா நடக்க மாட்டான். நடந்தால் அதற்கு ஒரு சோலி இருக்கும். உளுந்து முளைத்திருக்கிறதா என்று பார்க்கப் போவான். கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிய கிடாயைத் தேடிப் போவான். பாசஞ்சர் வந்துவிடும் என்று ஓட்டமும் நடையுமாக ஸ்டேஷனுக்குப் போவான். சோலியில்லாமல் ஒருவன் நடந்தால், டீக்கடையைத் தாண்டுவதற்குள் நாலு பேர் "எங்கிட்டுப் போறீக?" என்று கேட்டுவிடுவார்கள். "சும்மாதான்" என்று சொல்லிப் பாருங்கள். பொழுது சாய்வதற்குள் உங்கள் வீட்டில் சண்டை என்று ஊர் முழுக்கப் பேச்சாகியிருக்கும்.

அப்படிப்பட்ட ஊரில் உரக்கடை வைத்துப் பிழைத்தவன் நான். மகளைப் பார்க்க சுவிட்சர்லாந்துக்குப் போன இடத்தில், "அப்பா, ஞாயித்துக்கிழமை மலையில ஒரு ரவுண்டு நடந்துட்டு வருவோம்" என்றாள். எங்கே? மலைக்கு மேலே ஒரு ஏரி இருக்கிறதாம். எதற்கு? பார்க்க. பார்த்துவிட்டு? புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வர. அங்கே யாரையாவது பார்க்க வேண்டுமா, ஏதாவது வாங்க வேண்டுமா? ஒன்றுமில்லை. இதற்கு ரயில் டிக்கெட், மலை ஏற ரோப் கார் டிக்கெட், இரண்டு ஜோடி பூட்ஸ். ஒரு பிராங்கு நூறு ரூபாய்க்குக் குறையாத தேசத்தில், புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர இவ்வளவு செலவா என்று எனக்கு அடிவயிற்றைக் கலக்கியது.

என் மனைவிக்கு எந்தக் கலக்கமும் இல்லை. "கழுகுமலையில பௌர்ணமிக்குச் சுத்துறோமே, அதுதானங்க" என்று ஒரே வரியில் முடித்துவிட்டாள். அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. கழுகுமலை முருகன் கோயிலின் கருவறை மலையைக் குடைந்து செய்தது. உள்ளே சாமியைச் சுற்றிவர வழி கிடையாது. சுற்ற வேண்டுமானால் மலையையே சுற்றியாக வேண்டும். ஆகவே, வட்டமாக நடந்து புறப்பட்ட இடத்துக்கு வருவது எங்கள் சீமைக்குப் புதிதில்லை. ஆனால் அங்கே நடுவில் ஒரு சாமி இருக்கிறார். சுற்றி முடித்தால் சுக்குக் காபி கிடைக்கும்.

"இங்க நடுவுல என்ன இருக்கு?" என்றேன்.

"ஏரி இருக்குப்பா."

"ஏரி பிரகாரமா, மூலவரா?"

மகள் பதில் சொல்லாமல் பூட்ஸ் அளவு கேட்டாள்.

எங்கள் பக்கத்து ஆட்கள் குளிர்ந்த மலை ஏரிக்குப் புறப்பட்ட வரலாறு ஒன்றும் மங்களகரமானதல்ல என்பதையும் அன்று இரவு எடுத்துச் சொன்னேன். 1911 ஜூன் 17-ஆம் தேதி திருநெல்வேலி கலெக்டர் ஆஷ், எங்களுக்குத் தெற்கே மணியாச்சி ஸ்டேஷனில் வாஞ்சிநாதன் கையால் சுடப்பட்டபோது, அவர் மனைவியோடு கொடைக்கானலுக்குத்தான் போய்க்கொண்டிருந்தார். மாப்பிள்ளை சாப்பாட்டுத் தட்டிலிருந்து நிமிர்ந்தார். "மாமா, நீங்க கலெக்டரும் இல்ல, உங்கள யாரும் தேடவும் இல்ல" என்றார். சாத்தூர்ப் பக்கத்து ஆட்களுக்கு வாய் கொஞ்சம் காரம்.

அந்தக் கொடைக்கானல் ஏரியும் ஒரு கலெக்டரின் கைவேலைதான். மதுரையில் கலெக்டராக இருந்த வீர் ஹென்றி லெவிஞ்ச் 1863-ல் ஓடையை மறித்துக் கரை போட்டு உண்டாக்கியது. இந்த மாதிரி விவரங்கள் எனக்கு முக்கியம். கரை போட்டது யார், மடை எத்தனை, மறுகால் எந்தப் பக்கம், தண்ணீர் பாயும் ஆயக்கட்டு எவ்வளவு என்று தெரிந்தால்தான் ஒரு நீர்நிலையோடு எனக்குப் பேச்சு ஓடும். அழகாக இருக்கிறதா என்பது அதற்கு அப்புறம்.

நாங்கள் போக வேண்டிய ஏரிக்குப் பெயர் ஓஷினென். பெர்ன் நகரத்திலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் தெற்கே போனால் காண்டெர்ஷ்டேக் என்ற மலை ஊர். அங்கிருந்து ரோப் காரில் மேலே ஏற வேண்டும். ரோப் கார் விடுகிற இடம் 1,682 மீட்டர் உயரம். அங்கிருந்து நடந்து, ஹொய்பெர்க், ஓபர்பேர்க்லி என்ற இரண்டு இடங்களைத் தாண்டி, 1,978 மீட்டர் வரை ஏறி, பிறகு 1,578 மீட்டரில் கிடக்கும் ஏரிக்கு இறங்கி, மறுபடி ரோப் காருக்கு வர வேண்டும். எங்கள் கோவில்பட்டி கடல் மட்டத்துக்கு மேல் நூறு மீட்டர் சொச்சம். எங்களுக்கு மேடு என்றால் குறுமலைதான். அதையும் ரயில் ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி.

இந்த நடைக்குச் 'சிரமம்: நடுத்தரம்' என்று கையேட்டில் போட்டிருந்தது. யாருக்கு நடுத்தரம் என்று போடவில்லை. பின்னால் மலையில் எங்களைத் தாண்டிப் போன ஒரு பாட்டியம்மாவுக்கு எண்பது வயதாவது இருக்கும். கையில் இரண்டு ஊன்றுகோல், முதுகில் பை, உதட்டில் ஒரு பாட்டு. அந்த நாட்டின் நடுத்தரத்தை அந்தம்மாளை வைத்துத்தான் அளந்திருக்க வேண்டும்.

பூட்ஸ் விஷயத்தில் நான் கொஞ்சம் மல்லுக்கு நின்றேன். கரிசல் காட்டில் நடந்த காலுக்கு என்னய்யா பூட்ஸ்? கோடையில் எங்கள் காடு வெடித்துக் கிடக்கும். வெடிப்பில் கால் மாட்டினால் கணுக்கால் திரும்பிவிடும். மழை பெய்தாலோ வேறு கூத்து. பத்தடி நடந்தால் செருப்புக்கு அடியில் இன்னொரு செருப்பு ஒட்டியிருக்கும். இருபதடி நடந்தால் ஆள் ஒரு சாண் உயர்ந்துவிடுவான். அதற்கு மேல் ஒட்டினால் செருப்பு தரையிலேயே தங்கிவிடும், கால் மட்டும் வரும். ஆகவே செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, வேலிக்கருவை முள்ளுக்குப் பயந்து பயந்து வீடு வந்து சேருவோம். இதையெல்லாம் விளக்கிச் சொன்னேன். மகள் பொறுமையாகக் கேட்டுவிட்டு பூட்ஸ் கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டாள். சின்ன வயதில் அவள் பள்ளிக்கூட ஷூவுக்கு நான் போட்டுவிட்ட அதே இறுக்கம்.

ரயில் சொன்ன நிமிஷத்துக்குக் கிளம்பி, சொன்ன நிமிஷத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அதில் வியக்க ஒன்றுமில்லை என்று எல்லாரும் சொல்லிவிட்டார்கள். எனக்கு வியப்பு வேறு இடத்தில். காண்டெர்ஷ்டேக்கில் இறங்கினால், பிளாட்பாரத்தில் ஒருவரும் ஒன்றும் விற்கவில்லை! கூடையைத் தூக்கிக்கொண்டு ஜன்னல் ஜன்னலாக ஓடி வர ஓர் ஆள் இல்லை. கடம்பூரில் வண்டி நின்றால் போளி வரும். தேங்காய்ப் போளி, பருப்புப் போளி, வாழையிலைத் துண்டு, கையில் நெய். வண்டி நகர்ந்த பிறகும் ஓடிக்கொண்டே சில்லறை கொடுப்பார்கள். ஒரு ஸ்டேஷனுக்குப் பேர் வாங்கித் தருவது அந்தச் சத்தம்தான். இங்கே உலகம் முழுவதிலுமிருந்து ஆட்கள் வந்து இறங்குகிறார்கள். ஊர் வாயை மூடிக்கொண்டு மலையைக் காட்டுகிறது.

போளி என் பையில் இருந்தது. ஊரிலிருந்து கொண்டுவந்து மகள் ஃப்ரீசரில் போட்டு வைத்திருந்ததில் மிச்சம்.

ரோப் காரில் ஏறியதும் என் மனைவி கண்ணை மூடிக்கொண்டு கந்த சஷ்டிக் கவசத்தை ஆரம்பித்தாள். பழனி ரோப் காரில் பழகிய வழக்கம். ஆனால் பழனியில் பாதிக் கவசத்திலேயே மேலே போய்விடலாம். இங்கே முழுதும் சொல்லி முடித்து, இரண்டாம் தடவை கொஞ்சம் போன பிறகுதான் கதவு திறந்தது.

அங்கே ஒரு மஞ்சள் பலகைக் கம்பம். சுவிட்சர்லாந்து முழுக்க நடைபாதைகளுக்கு இந்த மஞ்சள் பலகைதான் வழிகாட்டி. நாட்டில் சுமார் 65,000 கிலோமீட்டர் நடைபாதை குறியிட்டு வைத்திருக்கிறார்களாம். பூமியை ஒன்றரைத் தடவைக்கு மேல் சுற்றிவிடலாம். பலகையில் தூரம் எழுதுவதில்லை, நேரம்தான் எழுதுகிறார்கள். இன்ன இடத்துக்கு இவ்வளவு மணி, இவ்வளவு நிமிடம். அதில் உட்கார்ந்து இளைப்பாறும் நேரம் சேர்த்தியில்லை. முழங்காலைப் பிடித்துக்கொண்டு நிற்கும் நேரம், போட்டோ எடுக்கும் நேரம், "இன்னும் எவ்வளவு தூரம்?" என்று கேட்கும் நேரம் ஒன்றும் சேர்த்தியில்லை. பலகை சொன்ன நேரத்தை நான் இரண்டால் பெருக்கி வைத்துக்கொண்டேன். கடைசியில் அதுவும் போதவில்லை.

சமவெளிப் பாதைக்கு மஞ்சள் குறி. மலைப் பாதைக்கு, பாறையிலும் மரத்திலும் வெள்ளை, சிவப்பு, வெள்ளை என்று மூன்று பட்டை தீட்டியிருப்பார்கள். முதல் பாறையைப் பார்த்ததுமே என் மனைவி செருப்பைக் கழற்றப் போனாள். பூட்ஸாக இருந்ததால் கழற்ற வரவில்லை. அதனால் நின்றவாக்கில் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அவள் மேல் தப்பில்லை. எங்கள் பக்கம் காட்டுக்குள் ஒரு கல்லில் வெள்ளையும் சிவப்பும் பட்டை பட்டையாக இருந்தால் அது சாமி. அடுத்த பாறையிலும் தொட்டுக் கும்பிட்டாள். அதற்கடுத்த மரத்திலும். பின்னால் வந்த ஒரு வெள்ளைக்காரத் தம்பதி நின்று கவனித்துவிட்டு மாப்பிள்ளையிடம் மரியாதையாக ஏதோ கேட்டார்கள். அவரும் மரியாதையாகவே பதில் சொன்னார். என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். "பெயிண்ட் காஞ்சிருக்கான்னு பாக்குறாங்கன்னு சொன்னேன் மாமா."

குறிகள் இருந்த வரைக்கும் அவள் வழி தவறவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். நாங்கள் மூன்று பேரும் போனில் வரைபடம் பார்த்துக்கொண்டிருந்த இடத்தில், அவள் அடுத்த சாமியைக் கண்டுபிடித்துப் போய்க்கொண்டே இருந்தாள்.

எதிரில் வருகிற ஒவ்வொருவரும் "க்ருயெஸெக்" என்கிறார்கள். பெர்ன் பக்கத்து வணக்கம். குழந்தை சொல்கிறது, கிழவர் சொல்கிறார், வேர்த்து விறுவிறுத்து ஓடி வருகிறவனும் சொல்லிவிட்டுத்தான் ஓடுகிறான். எங்கிட்டுப் போறீக என்று மட்டும் ஒருவரும் கேட்பதில்லை. ஏற்றத்தில் மூச்சு வாங்கும்போது பதில் வணக்கம் சொல்வது லேசான காரியமல்ல. முதல் அரை மணி நேரம் முழுதாகச் சொன்னேன். பிறகு 'க்ரு' மட்டும் சொன்னேன். ஹொய்பெர்க் வருவதற்குள் தலையை மட்டும் ஆட்டினேன். அதையும் ஏற்றுக்கொண்டார்கள்.

ஹொய்பெர்க்கில் மரங்கள் விலகின. வலது பக்கம் கீழே, நாங்கள் நிற்கும் புல்சரிவு முடிகிற இடத்தில், ஏரி கிடந்தது.

இதை எப்படிச் சொல்வதென்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோதே என் மனைவி சொல்லிவிட்டாள்: "மயில்கழுத்துக் கலருங்க." பட்டுச்சேலைக் கடையில் விளக்கு வெளிச்சத்தில் ஒரு தரமும் வாசல் வெளிச்சத்தில் ஒரு தரமும் பிரித்துப் பார்ப்பார்களே, அந்தக் கலர். ஓரத்தில் பச்சை, உள்ளே போகப் போக நீலம், மேகம் நகர்ந்தால் இரண்டும் இடம் மாறுகின்றன. எதிரே தெற்குக் கரை முழுக்கப் பாறைச் சுவர். அதற்கு மேலே பனி. ப்ளூயெம்லிசால்ப் என்கிற அந்த மலையின் உச்சி 3,661 மீட்டர். அங்கிருந்து உருகிய தண்ணீர் சுவரில் நூல் நூலாக இறங்கி ஏரியில் விழுகிறது. சத்தம் வந்து சேரக் கொஞ்ச நேரமாகிறது. இந்த ஏரியும் சுற்றுப்புறமும் 2007 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பகுதியில் சேர்ந்தவை.

அது ஆகஸ்ட் மாதம். எங்கள் ஊரில் உழுது போட்டுவிட்டுப் புரட்டாசி மழைக்காக வானத்தைப் பார்க்கிற காலம். இவ்வளவு தண்ணீரை ஒரே இடத்தில் பார்த்ததும் எனக்கு முதலில் வந்தது சந்தோஷமல்ல, லேசான கோபம். யார் மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

ஓபர்பேர்க்லியில் ஒரு மாட்டுக்கொட்டகை. கோடையில் மட்டும் மேலே மாடுகளை ஓட்டிக்கொண்டு வந்து, இங்கேயே பால் கறந்து, இங்கேயே சீஸ் செய்கிறார்கள். மாடுகள் கழுத்தில் ஆளுக்கொரு மணி, ஒவ்வொன்றும் ஒரு சொம்பு அளவு. சரிவு இவ்வளவு செங்குத்தாக இருக்கிறதே, இந்த மாடுகள் உருண்டுவிடாதா என்று கேட்டேன். அந்த நேரம் பார்த்து ஒரு மாடு நாங்கள் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறிய சரிவில் முன்னங்காலை ஊன்றிச் சாவதானமாக ஏறிப் போனது. போகிற போக்கில் என்னை ஒரு பார்வை பார்த்தது. உரக்கடைக்காரனை மாடு அப்படிப் பார்க்கும் என்று நான் நினைக்கவில்லை.

அங்கேதான் கட்டுச்சாதத்தைப் பிரித்தோம். முதலில் மாப்பிள்ளை பையிலிருந்து சாத்தூர் காராச்சேவு. அதற்கு அப்புறம் கோவில்பட்டி கடலை மிட்டாய். 2020-ல் புவிசார் குறியீடு வாங்கியது என்று அதற்கு ஒரு தலைக்கனம் உண்டு. பல்லில் ஒட்டிக்கொண்டு இறங்காது. பிறகு கடம்பூர்ப் போளி. மதுரையிலிருந்து தெற்கே வருகிற ரயில் பாதையை அந்த வரிசையிலேயே தின்று தீர்த்தோம் என்பது முடிந்த பிறகுதான் உறைத்தது. தூத்துக்குடி மக்ரூனும் இருந்தது. ஆனால் அதற்கு மணியாச்சியில் வண்டி மாற வேண்டும் என்று சொல்லி மாப்பிள்ளை டப்பாவை மூடி உள்ளே வைத்துவிட்டார்.

கொட்டகைக்காரம்மா சீஸ் ஒரு துண்டு நீட்டினார். பதிலுக்கு என் மனைவி போளி நீட்டினாள். அந்தம்மாள் கடித்து, மென்று, கண்ணை விரித்து, ஒரு கேள்வி கேட்டார். "உள்ளே என்ன சீஸ் வைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்பதாக மகள் சொன்னாள். கடலைப்பருப்பும் வெல்லமும் என்று சொல்லச் சொன்னேன். மகள் சொன்னாள். அந்தம்மாள் நம்பியதாகத் தெரியவில்லை.

இறக்கம் சுகம் என்று யார் சொன்னது? ஏற்றத்தில் மூச்சுப் போகும், இறக்கத்தில் முழங்கால் போகும். அதில் படிபடியாகப் பாறை, வேர், ஈரம். ஒரு பக்கம் பள்ளம். இந்த இடத்தில் நான் பக்கவாட்டாக நண்டு நடை நடந்தேன் என்று மகள் வீடியோ எடுத்து வைத்திருக்கிறாள். அது தேவையற்ற செயல்.

தண்ணீரோரத்துக்கு வந்து, பூட்ஸைக் கழற்றிக் காலை நனைத்துவிட்டு (நனைத்த மறுநொடியே எடுத்துவிட்டேன், அது பனி உருகிய தண்ணீர்), என் சோலியை ஆரம்பித்தேன். மேற்குப் பக்கம் கரை மேடாக இருந்தது. கண்ணால் அளந்தபடியே ஓரமாக நடந்து பார்த்தேன். வரத்து ஓடைகள் தெரிந்தன. மடை இல்லை. கலிங்கும் இல்லை.

"மறுகால் எங்கே, மாப்ளே?"

"என்னது மாமா?"

"இவ்வளவு தண்ணி வருதே. மிச்சத் தண்ணி எந்த வழியாப் போகுது?"

அவர் போனில் தேட ஆரம்பித்தார். சிக்னல் வட்டமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. பக்கத்துப் பாறையில் ஒரு குடும்பம் பார்பிக்யூ அடுப்பில் கோழி வாட்டிக்கொண்டிருந்தது. மசாலா வாசனை வந்தபோதே எனக்குச் சந்தேகம். அந்த மனிதர் திரும்பிப் பார்த்தார்.

"நீங்கள் தமிழோ? எவடம்?"

கடம்பூர் என்றேன். அவருக்குத் தெரியவில்லை. கோவில்பட்டிக்குப் பக்கம் என்றேன். "ஓமோம், கடலை மிட்டாய்!" என்றார். அந்த மிட்டாயின் தலைக்கனத்துக்குக் காரணம் இருக்கத்தான் செய்கிறது. அவர் யாழ்ப்பாணப் பக்கம். 83-க்குப் பிறகு இந்த நாட்டுக்கு வந்து சேர்ந்தவர்களில் ஒருவர். இப்போது சுவிட்சர்லாந்தில் இலங்கைத் தமிழர்கள் ஐம்பதாயிரம் பேர் அளவில் இருக்கிறார்கள். இவர் பக்கத்தில் தூன் நகரத்தில் குடியிருக்கிறார். பிள்ளைகள் அந்த ஊர் ஜெர்மனில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"நீங்கள் தேடுறது கிடையாது ஐயா. இது ஒளிச்சு ஓடுற தண்ணி" என்றார்.

அவர் சொன்னது இதுதான். முன்னொரு காலத்தில் மலையில் பெரிய சரிவு ஏற்பட்டு, பாறையும் மண்ணும் பள்ளத்தாக்கை அடைத்துக்கொண்டன. அதற்குப் பின்னால் தண்ணீர் தேங்கி ஏரியாயிற்று. மலையே போட்ட கரை அது. கண்ணுக்குத் தெரிந்த மறுகால் கிடையாது. அந்தச் சரிவுக் கற்களின் இடுக்கில் புகுந்து, நிலத்துக்கு அடியிலேயே போய், கீழே ஊற்றாகக் கிளம்புகிறது. காண்டெர்ஷ்டேக்காரர்களுக்குக் குடிக்கவும் கரண்ட் எடுக்கவும் அதுதான்.

"அப்ப கரையே கசியுதுங்கிறீங்க."

"கசியிறதுதான் அதுக்கு வழி."

என்னால் ஏற்க முடியவில்லை. எங்கள் பக்கம் கண்மாய்க் கரையில் கசிவு என்றால் ராத்திரியோடு ராத்திரியாக மண்வெட்டியோடு ஓடுவோம். எலி வளை ஒன்று போதும், கரை போய்விடும். இங்கே கரை முழுக்க ஓட்டை, அதை உலகப் பாரம்பரியம் என்கிறார்கள். பனி உருகுகிற காலத்தில் ஏறி, குளிர்காலத்தில் இறங்கி, வருஷத்துக்குள் 15 மீட்டர் வரை நீர்மட்டம் மாறுமாம். கண்மாய் குணம்தான். ஆனால் பூட்டும் சாவியும் இல்லாத கண்மாய்.

அவருக்கு இதில் ஒரு ஆச்சரியமும் இல்லை. "எங்கட பக்கம் ஆறே இல்லை ஐயா. பெய்யிற மழை எல்லாம் சுண்ணாம்புக் கல்லுக்குள்ள போய்த்தான் நிக்கும். நாங்கள் கிணத்தில அள்ளுவம். புத்தூரில நிலாவரைக் கிணறு எண்டு ஒண்டு இருக்கு, அடி காணேலாது எண்டு சொல்லுவினம். தண்ணி கீழ போனால் போச்சுது எண்டு நீங்கள் நினைக்கிறியள். கீழ போனால்தான் இருக்குது எண்டு நாங்கள் நினைக்கிறம்."

நாங்கள் தண்ணீரை மேலே பிடித்து வைத்து மடை திறந்து வாழ்ந்தவர்கள். அவர்கள் கீழே போனதைத் தேடி எடுத்து வாழ்ந்தவர்கள். இரண்டு பேரும் காலில் செருப்பில்லாமல், இரண்டு பேருக்கும் சொந்தமில்லாத ஓர் ஏரியின் கரையில் நின்று, வாய்க்கால் தகராறு அளவுக்குக் குரலை உயர்த்திப் பேசிக்கொண்டிருந்தோம். சுற்றியிருந்த வெள்ளைக்காரர்கள் சண்டை என்று நினைத்துக் கொஞ்சம் தள்ளிப் போனார்கள். அந்த ஏரிக்கரையில் உருப்படியாக ஒரு விஷயம் பேசியது அன்று நாங்கள் மட்டும்தான் என்பது என் கருத்து. அவர் மனைவி கோழிக்கால் கொடுத்தார். என் மனைவி மக்ரூன் டப்பாவைத் திறந்தாள். மாப்பிள்ளையால் தடுக்க முடியவில்லை.

விடைபெறும்போது அவர் எதிர்ப்பக்க மலையில் ஓர் இடத்தைக் காட்டினார். ஷ்பிட்சர் ஷ்டைன் என்று பெயர். அந்த மலைப்பகுதி நகர்ந்துகொண்டிருக்கிறதாம். அதைக் கருவிகள் வைத்து எந்நேரமும் கண்காணிக்கிறார்கள். அந்தப் பக்கம் ஆட்கள் போகத் தடை போட்டிருக்கிறார்கள். கேட்டதும் நான் பூட்ஸை மாட்டிக்கொண்டேன். நகர்கிற இடத்தை அளக்கிறார்கள் என்பது மட்டும் மனதில் பதிந்தது. எங்கள் பக்கத்துக் கண்மாய்க் கரைகளும் நகர்கிறவைதான்; வருஷத்துக்கு ஒரு முழம் உள்ளே போகும். அதை அளக்கக் கருவி வைத்தால் ஊருக்கு ரெண்டு பேருக்காவது தூக்கம் போய்விடும்.

இறங்கியதோடு முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை. ஏரியிலிருந்து ரோப் காருக்கு மறுபடி நூறு மீட்டர் ஏற்றம். வட்டப் பாதையில் இந்த ஒரு சூது உண்டு. மிச்சம் வைத்த ஏற்றத்தை, காலில் ஒன்றும் மிச்சமில்லாத நேரத்தில் கொண்டுவந்து நீட்டும். நல்லவேளையாக, முடியாதவர்களுக்கு மின்சார வண்டி ஒன்று விடுகிறார்கள். நான் அதை நோக்கி இரண்டடி எடுத்து வைத்துவிட்டேன்.

"கிரிவலத்துல பாதியில ஆட்டோ ஏறுவீகளா?" என்றாள் மனைவி.

"இது கிரிவலம் இல்ல. ஏரியைக்கூட நாம சுத்தலை. வடக்குச் சரிவைத்தான் சுத்தியிருக்கோம்."

"வலமாத்தான வந்தோம்?"

வரைபடத்தைப் பார்த்தேன். போகும்போது மேல்பாதையில் கிழக்கே, வரும்போது கீழ்ப்பாதையில் மேற்கே. சரிவு முழுக்க வலது கைப்பக்கம்தான் இருந்திருக்கிறது. கழுகுமலைக் கணக்குப்படி சுத்தமான வலம். வண்டிக்காரர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். அவள் பெயிண்ட் சாமிகளைத் தொட்டுக்கொண்டே மேலே போய்விட்டாள். பலகை சொன்ன நிமிஷத்தைவிட முன்னாலேயே போய்ச் சேர்ந்தாள் என்பதை மகள் கடிகாரத்தில் காட்டினாள். எனக்கு ஆன நேரத்தை இங்கே எழுத அவசியமில்லை.

திரும்பும் ரயிலில் என் மனைவி தூங்கிவிட்டாள். நான் கையேட்டின் ஓரத்தில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். ஏரி சுமார் 270 ஏக்கர். ஆழமான இடத்தில் 56 மீட்டர். கழித்துக் கூட்டினாலும் எங்கள் பக்கத்துக் கண்மாய்கள் பலவற்றை ஒன்றாக நிரப்பிவிடும். மாப்பிள்ளை எட்டிப் பார்த்தார்.

"மாமா, இங்க குளிருக்கு உளுந்து வராது."

"அது கிடக்கட்டும். அந்தத் தண்ணி கடைசியா எங்க போகுது? பாருங்க."

இப்போது சிக்னல் இருந்தது. ஏரிக்கு அடியில் கசிந்தது காண்டர் ஆற்றில் சேர்கிறது. காண்டர் ஆறு தூன் ஏரியில் சேர்கிறது. ஜன்னலுக்கு வெளியே அப்போது தூன் ஏரிதான் ஓடிக்கொண்டிருந்தது. மேற்கொண்டு படித்துக்கொண்டிருந்த மாப்பிள்ளை சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தார். "மாமா, இதக் கேளுங்க. இந்தக் காண்டர் ஆறு முன்னால ஏரிக்கு வராதாம். நேரா கீழ போயி ஆரே ஆத்துல சேருமாம். வழியில ஊருக்குள்ள வெள்ளம் வருதுன்னு, 1714-ல குன்றைக் குடைஞ்சு ஏரிக்குத் திருப்பி விட்டிருக்காங்க."

"திருப்பலாம். திருப்பும்போது மறுகாலை அகலப்படுத்தினாங்களா?"

அவர் படித்தார். படித்துவிட்டு என்னைப் பார்த்தார். திருப்பிவிட்ட ஆற்றின் தண்ணீரை வெளியே தள்ள ஏரியின் வாசல் போதவில்லை. தூன் நகரத்துக்குள் வெள்ளம் வந்திருக்கிறது.

அன்று முழுக்க முழங்கால் வலித்துக்கொண்டிருந்தது எனக்கு அந்த நிமிஷம் மறந்துவிட்டது. வரத்தைக் கூட்டினால் மறுகாலைக் கூட்ட வேண்டும். இதைச் சொல்ல எங்கள் ஊரில் நீர்ப்பாய்ச்சி ஒருத்தர் போதும். மஞ்சள் பலகை வேண்டாம். மாப்பிள்ளையிடம் அதை இரண்டு மூன்று விதமாகச் சொன்னேன். எதிர் இருக்கைக்காரருக்கும் சொல்லச் சொன்னேன். மாப்பிள்ளை மறுத்துவிட்டார்.

"அப்ப மறுகாலை எப்பத்தான் சரி பண்ணினாகளாம்?" கண்ணைத் திறக்காமலே மனைவி கேட்டாள். தூங்கவில்லை போலிருக்கிறது.

முதலில் மதகுகள் கட்டியிருக்கிறார்கள். அதற்கும் அடங்காமல் 1999-லும் 2005-லும் பெருவெள்ளம் வந்திருக்கிறது. கடைசியாக, ஏரித் தண்ணீரை வெளியேற்ற ஊருக்கு அடியில் ஒரு சுரங்கம் போட்டு 2009-ல் முடித்திருக்கிறார்கள். விரலை மடக்கிப் பார்த்தேன். 1714-லிருந்து 295 வருஷம்.

"அத்தனை வருஷமா?" என்றாள் அவள். "ஒருத்தரு கூடவா மனு குடுக்கலை?"